பல டைல், ஒரே படம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

நம் மன்றத்தின் கீழ்ச்சுவர் இன்னும் வெறுஞ்சுவராகவே நிற்கிறது. அதில் 48 டைல் பதிப்பது என்பதும், அவற்றில் லேசர் ஒளியால் படம் பொறிப்பது என்பதும் முடிவான செய்திகள். எப்படம் என்பதில்தான் இரு கருத்துகள் நிலவுகின்றன. குடும்பத்துக்கு ஒரு டைல் என வகுத்து, அவரவர் பெயரும் அவரவர் விரும்பிய சித்திரமும் பொறிக்கலாம் என்பது ஒரு சாரார் எண்ணம். 48 டைலும் கூடி ஒரே படமாதல் வேண்டும் என்பது மற்றவர் எண்ணம். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தோம். அதன் காரணத்தைக் கூறவே இம்மேடை ஏறினோம்.

முதற் கருத்து இகழத்தக்கதன்று. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியைக் கண்டவர்கள் அதன் தரையை மறவார். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண டைல்கள் அங்கே பரவியுள்ளன. கையால் தீட்டப்பட்டவையாதலின் ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பர். ஒன்று உடைந்தாலும் மற்றவற்றிற்குக் குறைவில்லை. ஆனால் போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டோ நகரத்துச் சான் பென்டோ இரயில் நிலையத்தின் முகப்புக் கூடம் வேறு வகையது. ஜார்ஜ் கொலாசோ என்னும் ஓவியர் ஏறத்தாழ 20,000 டைல்களில் தம் நாட்டு வரலாற்றை அங்கே தீட்டினார். அப்பணி 1905 முதல் 1916 வரை நடந்தது. அங்கே தனி டைல் ஒன்றைப் பெயர்த்துக் கையில் எடுத்தால், குதிரையின் குளம்போ வானத்தின் ஒரு துண்டோதான் கிடைக்கும். பயணிகள் வண்டிக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு நாட்டின் கதை நிற்கிறது என்பது இரயில்வே ஊழியராகிய நமக்குச் சற்றுக் கூடுதலாகவே இனிக்கிறது.

நம் சுவரில் எது வேண்டும்? நாம் வாழும் நிலத்தின் படமே வேண்டும் என்கிறோம். வடக்கே வாளையாறு, தெற்கே பீருமேடு. இடையே பாலக்காட்டுக் கணவாய், ஆனைமலை, மறையூர், மூணாறு, தேவிகுளம். இதன் நீளம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எட்டு வரிசையில் பதித்தால் டைல் ஒன்றுக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வரும். தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர், அதில் நிழலிட்டுக் காட்டப்படும். 1862-இல் பேப்பூர்க் கரையையும் சென்னையையும் இணைத்த இருப்புப்பாதை கணவாயினூடே ஓடும். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடி, 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு இரயிலையும் புள்ளிக்கோட்டால் குறிக்கலாம். (இல்லாத வண்டிக்கும் தடம் கேட்கிறாரே என நகையாடுவோர் நகையாடுக.) பெயர்கள் மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும், நிலையப் பெயர்ப்பலகையைப்போல் அமையட்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர், அது நன்றே. ஆயினும் பாட்டனார் கொழுந்து கிள்ளிய மலையின் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் குழந்தைகள் இக்குடியிருப்பில் உளர். அவர்கள் நாள்தோறும் காணும் சுவர் இது.

இனி வேலையைப் பற்றிச் சில சொல்வோம். இங்கேதான் கவனம் மிக வேண்டும்.

லேசர் ஒளி முதன்முதல் 1960-இல் மெய்மான் என்பவரால் உண்டாக்கப்பட்டது. பொறிக்கும் கடைகளில் பெரிதும் வழங்கும் கரியமில வாயு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவர், மராட்டியத்துப் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல். மெருகிட்ட வெள்ளை டைலின்மேல் டைட்டானியம் டையாக்சைடு கலந்த வெள்ளைப் பெயிண்டை மெல்லியதாகப் பூசி உலர்த்துவர். ஒளி பட்ட இடத்தில் அப்பூச்சு கருமையாகி மெருகோடு உருகி ஒட்டிக்கொள்ளும். மற்றதைத் தின்னர் கொண்டு துடைத்தால் வெள்ளைத் தரையில் கருங்கோடு நிற்கும். புகை வெளியேற வழி வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். தின்னர் இருக்குமிடத்தில் நெருப்பு ஆகாது.

ஒரு டைலுக்கு இவ்வளவு போதும். 48 சேரும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஆறு வரிசை அகலம், எட்டு வரிசை உயரம் எனில், ஒரு டைலின் விளிம்பு மற்றொன்றின் விளிம்பைச் சந்திக்கும் இடங்கள் 82. படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். 200 மில்லிமீட்டர் டைல்களுக்கிடையே கொத்தனார் 3 மில்லிமீட்டர் இடுக்கு விடுவார். ஆகவே சுவரின் அகலம் 1,200 அன்று, 1,215. உயரம் 1,600 அன்று, 1,621. படத்தை 1,215-க்கு 1,621 என வரைந்து, இடுக்கில் விழும் கீற்றுகளைக் கணிப்பொறியில் நீக்கிய பின்னரே துண்டாக்க வேண்டும். நீக்காமல் துண்டாக்கினால் நேர்கோடு தப்பும். சாய்ந்த கோடு தப்பாது. கணவாயைக் குறுக்கே கடக்கும் நம் இருப்புப்பாதை ஒவ்வொரு இடுக்கிலும் படிக்கட்டுப்போல் முறிந்து நிற்கும். அத்தடத்தில் எந்த வண்டியும் ஓடாது!

எழுத்துக்கு இன்னும் நுட்பமான இடர் உண்டு. கீற்றோடு ஒரு புள்ளி போய்விட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். 'பாலக்காடு' என்பது 'பாலககாடு' ஆவதைச் சகிக்க இயலுமோ? ஆதலால் ஊர்ப்பெயர் எதுவும் விளிம்பைத் தாண்டாதவாறு இடம் பார்த்து எழுதுதல் வேண்டும். ஆறும் மலையும் தாண்டட்டும்.

டைல்கள் யாவும் ஒரே தொகுதிப் பெட்டிகளிலிருந்து வரவேண்டும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் பெருத்திருந்தால், எட்டு வரிசையில் நான்கு மில்லிமீட்டர் பிசகும். எந்திரத்தின் மேடையில் 'ட' வடிவில் ஒரு தடுப்பை அசையாது பொருத்தி, எல்லா டைலையும் அதே மூலையில் ஒட்ட வைத்துப் பொறிக்க வேண்டும். ஒளியின் வலிமையும் வேகமும் நடுவில் மாறலாகாது; மாறினால் ஒரு மலை பாதி கருத்தும் பாதி வெளுத்தும் காணும். டைலின் பின்புறம் எண்ணும், மேற்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் இடுதல் மிக மிக இன்றியமையாதது. சரக்குப் பெட்டி ஒவ்வொன்றிலும் 11 இலக்க எண் இருப்பதை நம்மவர் அறிவர். எண்ணில்லாப் பெட்டியை நாம் கணக்கில் ஏற்போமா?

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர் தஞ்சைப் பெரிய கோயிலை ஒருமுறை சுற்றி வருக. 1010-இல் நிறைவெய்திய அக்கோயிலின் அடித்தளத்தில், எழுத்துவரி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இடையறாது ஓடுகிறது. பின்னாளில் வேறு பல ஊர்களில் திருப்பணி செய்தோர் கற்களைக் கழற்றி, வரிசை பாராது மீண்டும் அடுக்கிவிட்டனர். பாதி வாக்கியம் வடசுவரிலும் மீதி படிக்கட்டிலும் கிடக்க, கல்வெட்டு ஆய்வாளர் திகைக்கின்றனர். திருமழபாடியில் இதற்கு மாறாக நடந்தது. முதலாம் இராசராசன் ஆட்சியின் 28-ஆம் ஆண்டில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணை பிறந்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டிற் படியெடுத்து வைத்தனர். இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அவ்வேட்டைக் கொண்டு மீண்டும் கல்லில் வெட்டினர். இடையில் பத்தாண்டுக்கு மேல் கழிந்தும் ஏடு தப்பிப் பிழைத்தது.

பெயர் வேண்டுவோர்க்கும் தஞ்சையிலேயே விடை உள்ளது. தாம் கொடுத்தனவும், தம் தமக்கையார் கொடுத்தனவும், தேவியரும் பிறரும் கொடுத்தனவும் ஒருங்கே கல்லில் வெட்டுக என்றே இராசராசன் பணித்தான். ஆடல் மகளிர் 400 பேரும் அங்கே பெயர் பெற்றனர்; அவரவர் குடியிருந்த வீட்டின் வரிசையும் குறிக்கப்பட்டது. நாமும் படத்தின் அடியில் நீண்ட பட்டையொன்று அமைத்து, 48 குடும்பங்களின் பெயரையும் அகர வரிசையில் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கலாம். மிகுதி கொடுத்தவர்க்குப் பெரிய எழுத்து என்ற பேச்சே எழலாகாது.

செயற்குழுவின்முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. அதே தொகுதியில் 54 டைல் வாங்குக. ஆறு உபரியாகப் பூசாமல் பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் பக்கத்துப் பக்கமாக நான்கு டைலை மட்டும் பொறித்து, தரையில் 3 மில்லிமீட்டர் இடைவிட்டு அடுக்கிப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடங்குக. எந்த டைலில் எந்தத் துண்டு என்னும் எண்வரிசைப் படத்தையும், எந்திரத்தில் இட்ட வேக வலிமைக் கணக்கையும் தாளில் அச்சிட்டு, ஒரு படி சங்க அலமாரியிலும், ஒரு படி செயலாளர் இல்லத்திலும், மற்றொரு படி மூணாற்றிலுள்ள நம் அன்பர்களிடத்தும் வைக்குக.