பெட்டியும் பூட்டும்

எங்கள் ஊர் வேடசந்தூர். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் திண்டுக்கல் இருக்கிறது. அந்நகரின் பெயரைக் கேட்டவுடன் பூட்டுதான் பலருக்கும் நினைவு வரும். 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதலுதவிப் பெட்டியைப் பற்றிப் பேச வந்தவன் பூட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது.

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் முதலுதவிப் பெட்டி ஒன்று இருந்தது. பஞ்சு, கட்டுத்துணி, களிம்பு, மாத்திரை எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். குழந்தைகள் மருந்தை எடுத்துத் தின்றுவிடுவார்களோ என்று அஞ்சிய என் தந்தையார், அந்த இரும்புப் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தார். ஒரு நாள் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்த என் தம்பியின் இடக்கையில் அரிவாள் ஆழமாகப் பட்டுவிட்டது. தாயார் பெட்டியண்டை ஓடினார். சாவி தந்தையாரின் இடுப்பில், தந்தையாரோ திண்டுக்கல்லில்! குழவிக்கல்லால் அடித்துப் பார்த்தோம். நல்ல பூட்டு, அசையவில்லை.

பாட்டி காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பினார். அன்பினால் செய்த காரியந்தான். ஆயினும் காயம் சீழ் வைத்தது. மருத்துவர் அத்தூளைக் கழுவிக் களைந்தபோது, வெட்டுப்பட்ட அன்றைக்கும் அழாத தம்பி அலறி அழுதான். அவனுடைய சுண்டுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. வெட்டு ஆழமானது, ஆகையால் பழி முழுவதையும் காப்பித்தூளின்மேல் போட நான் துணியமாட்டேன்.

அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தூய துணி மட்டுமே. அதைக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கவேண்டும். "இரத்தம் நின்றுவிட்டதா?" என்று நடுவில் துணியை எடுத்துப் பார்ப்பது கூடாது, உறையத் தொடங்கிய குருதி மறுபடியும் பெருகும்.

இந்தத் துணியைக் கடையில்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. நூல் வேட்டி ஒன்றிலிருந்து ஒரு மீட்டர் சதுரத்தை வெட்டி, மூலைக்கு மூலை கிழித்தால் இரண்டு முக்கோணக் கட்டுகள் கிடைக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எஸ்மார்க் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் போர்வீரர்களுக்காகப் பரப்பிய கட்டு இதுவே. முறிந்த கையைத் தொங்கவிடவும், காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டவும் இது உதவும். காயத்தின்மேல் நேராக வைப்பதற்கு மட்டும், உறை பிரிக்காத கிருமி நீக்கிய வலைத்துணி வேண்டும். ஒட்டுப்பட்டை, மழுங்கிய நுனியுள்ள கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, கையுறை, சோப்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவையும் இருக்கட்டும். அப்பொட்டலத்தை அதில் குறித்த அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்கவேண்டும். ஒரு தம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்குவது தீங்காக முடியும்.

பெட்டியில் இருக்கக்கூடாதவையும் உண்டு. பாம்புக்கடிக்கென்று சிலர் பிளேடும் கயிறும் வைத்திருப்பார்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்த உறுப்பை அசையாமல் வைத்து, மருத்துவமனைக்கு விரையவேண்டும். நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. அந்த எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பதற்றத்தில் மூன்று இலக்கங்கூட மறந்துபோகும். சுட்ட புண்ணுக்கு மையும் பற்பசையும் வேண்டா. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டால் போதும்; அதைப் பெட்டியில் வைக்கவும் தேவையில்லை!

பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது ஒரு முறையும், ஆயுத பூசையன்று ஒரு முறையும் நான் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, காலம் கடந்தவற்றைக் கழித்துவிடுகிறேன்.

தந்தையாரின் அச்சம் பொய்யானதன்று. மாத்திரைகள் குழந்தைகளுக்கு ஆபத்தானவையே. ஆதலால் அவர் பின்னாளில் மாத்திரைகளை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவி இருக்கும் இடத்தைத் தாயாருக்கும் பாட்டிக்கும் சொல்லிவைத்தார். கட்டுத்துணிப் பெட்டிக்கு வெறும் கொக்கிதான். அந்தப் பழைய பூட்டு மாட்டுத் தீவன அறைக்குப் போயிற்று. இன்றும் நன்றாகவே பூட்டுகிறது.