மூச்சு வாங்கினால் உட்காருவதா, நடப்பதா?



நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அப்பா, உங்களுக்குத்தான் இளைக்குதே, ஏன் எழுந்திருக்கிறீங்க? பேசாம உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகள் சொல்வாள். அது அன்பினால் வரும் பேச்சு. ஆனால், அந்த அன்பே அப்பாவின் கால்களை நாளடைவில் முடக்கிவிடலாம். மூச்சு வாங்குகிறவர் உட்கார்ந்திருப்பது நல்லதா, நடப்பது நல்லதா என்பதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். இளைப்பு, இழுப்பு, நெஞ்சுச் சளி என்று நாம் பல பெயர் சொல்கிறோம். எல்லாவற்றையும் ஆஸ்துமா என்று சொல்லிவிடுவதும் உண்டு. ஆனால் ஆஸ்துமா வேறு. வயதானவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வேறு. இந்த நோயில் மூச்சுக் குழல்கள் சுருங்கி, காற்றுப் பைகளும் சிதைந்துவிடுகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. பழைய காற்று வெளியேறினால்தானே புதிய காற்றுக்கு இடம் கிடைக்கும்?

இது எதனால் வருகிறது? முதற் காரணம் புகைபிடித்தல். சிகரெட்டானாலும் பீடியானாலும் சுருட்டானாலும் கேடு ஒன்றுதான். ஆனால் ஒரு நாளும் புகைபிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. லயத்து அடுப்பங்கரையில் பல ஆண்டுகள் விறகுப் புகையில் நின்று சமைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ரப்பர் சீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். முன்பு காசநோய் கண்டு குணமானவர்கள் சிலருக்கும் நுரையீரலில் நிலையான பழுது தங்கிவிடுகிறது.

இனி, உட்காருவதில் என்ன கேடு என்று பார்ப்போம்.

ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து, நாள்தோறும் நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்தவர் அவர். பால் வாளியைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்கியவர். அறுபது வயதுக்கு மேல் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. மேடு ஏறுவதை விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு கடைக்குப் போவதை விடுகிறார். பிறகு கோயிலுக்கும் போவதில்லை. கடைசியில் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரும்பாடாகிறது. நோய் முற்றிவிட்டது என்று குடும்பத்தார் எண்ணுகிறார்கள். நோய் முற்றியிருக்கலாம், ஆனால் காரணம் அது ஒன்று மட்டுமன்று.

வேலையில்லாத தசை மெலிந்துபோகும். மெலிந்த கால் தசை, சிறிது நடந்தாலே களைத்துவிடும். களைத்த தசைக்காக நுரையீரல் மேலும் வேகமாக உழைக்க வேண்டும். ஆக, மூச்சு வாங்குவதால் உட்காருகிறார். உட்காருவதால் தசை தளர்கிறது. தசை தளர்வதால் முன்னிலும் அதிகமாக மூச்சு வாங்குகிறது. செக்கு மாடுபோல் இந்த வட்டத்திலேயே அவர் சுற்றி வருகிறார். இந்த வட்டத்தை எங்கே அறுப்பது? சிதைந்த காற்றுப் பையைத் திரும்ப உண்டாக்க மருந்தில்லை. ஆனால் தளர்ந்த தசைக்கு வலிமையூட்ட முடியும், எழுபது வயதிலும் முடியும். அங்கேதான் அறுக்க வேண்டும்.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் இந்நோயாளிகளுக்கு ஓய்வையே மருந்தாகச் சொன்னார்கள். 1950களில் அமெரிக்காவில் ஆல்வன் பாராக் என்ற மருத்துவர், நோயாளிகளை நடக்கவிடலாம் என்று எடுத்துச் சொன்னார். 1960களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முறையான உடற்பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக்கினார்கள். 2015இல், 3,822 நோயாளிகள் பங்குகொண்ட 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறலும் களைப்பும் குறைந்தன. நடக்கும் தூரம் கூடியது. இதில் பலன் உண்டா என்று இனியும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு முடிவு தெளிவாக இருந்தது. இந்தச் சிகிச்சைக்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர்.

இதற்கு நம் பக்கத்தில் எங்கே போவது? பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்வோம். 1950களில் நகரம் உருவாகும் முன்பு அங்கே இருந்தது எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டம். இன்று பெட்டாலிங் ஜெயாவும் கோலாலம்பூரும் சேரும் இடத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அதை இன்றும் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். நெஞ்சு நோய் மருத்துவர்களும், மறுவாழ்வு மருத்துவர்களும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். கோலாலம்பூர் ஜாலான் பகாங்கில், முன்பு தேசியக் காசநோய் மையமாக இருந்தது இன்று சுவாச மருத்துவக் கழகமாக இயங்குகிறது. கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உண்டு. உங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்கில், "இளைப்புக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை வேண்டும், எங்கே அனுப்புவீர்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால், மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

பயிற்சி எப்படி நடக்கும்? முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை. சமதளமான ஒரு நடைகூடத்தில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். இடையில் நின்று இளைப்பாறலாம்; அது தோல்வியன்று. விரல் நுனியில் சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். அதற்கு ஏற்றபடி பயிற்சியை வகுப்பார்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சையாளரின் கண்முன். மற்ற நாட்களில் வீட்டில். முடிவில் மறுபடியும் அதே ஆறு நிமிட நடை. முப்பது மீட்டர் கூடியிருந்தாலே அது நல்ல முன்னேற்றம். முப்பது மீட்டர் என்றால் லயத்தில் ஏறக்குறைய ஐந்தாறு வீட்டு வாசல் தூரம். நலமுள்ளவருக்கு அது ஒன்றுமில்லை. வாசலைத் தாண்டாதவருக்கோ, பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரும் தூரம்.

"வாரம் இரண்டு முறை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக எங்களால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில் 166 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்கு வந்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்குச் சிகிச்சையாளர் ஒருமுறை சென்றார்; பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். எட்டு வாரத்தின் முடிவில் வீட்டில் பயின்றவர்களும் சளைக்கவில்லை. ஆகவே, மருத்துவர் ஒருமுறை சோதித்து வழி சொல்லிவிட்டால், மீதியை வீட்டு வாசலிலேயே செய்யலாம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலாவது, மூச்சு விடும் முறை. வாயை மூடி, மூக்கினால் ஒன்று, இரண்டு என்று எண்ணும் அளவுக்கு மூச்சை இழுங்கள். பிறகு, சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாக விடுங்கள். மூச்சுக் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் திறந்திருக்க இது உதவும். தங்கிய காற்று வெளியேறும்.

இரண்டாவது, நடை. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். நின்று நின்று நடக்கலாம். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி இருபது, முப்பது நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடக்கும்போது மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும், வாங்காவிட்டால் பயிற்சியில்லை. அளவு என்ன? துளியும் இளைக்காத நிலையைப் பூஜ்யம் என்றும், தாங்க முடியாத திணறலைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், மூன்று அல்லது நான்கில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று வார்த்தை பேச முடியும். பாட்டுப் பாட முடியாது. அதுதான் சரியான அளவு.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருதல். ஐந்து முறையில் தொடங்குங்கள். தொடைத் தசைக்கு இதைவிட எளிய பயிற்சியில்லை.

நான்காவது, கைகள். துணி காயப்போடக் கையைத் தூக்கினாலே பாட்டிக்கு மூச்சு வாங்குகிறதல்லவா? அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கைக்கொன்றாகப் பிடித்து, மூச்சை விட்டபடி தூக்கி இறக்கிப் பழக வேண்டும்.

மூச்சு மிஞ்சிவிட்டால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டு, உதட்டைக் குவித்து மூச்சு விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கும். நடக்கப்போகும் முன் பம்பு அடித்துக்கொள்ள வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலமாதல் ஆகியவை கண்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். காய்ச்சல் வந்தாலும், சளி மஞ்சளாக அல்லது பச்சையாக மாறினாலும், இளைப்பு வழக்கத்தைவிடக் கூடினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இருதய நோய் உள்ளவர்களும், வீட்டில் பிராணவாயு வைத்திருப்பவர்களும் தாமாகத் தொடங்கக்கூடாது. புகைமூட்டக் காலத்தில் வெளியே நடக்க வேண்டாம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஐந்நூறைத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதே, நினைவிருக்கும். குறியீடு நூறைத் தாண்டினாலே, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சி செய்யுங்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் விட்டுவிட்டால், பெற்ற பலன் ஓராண்டுக்குள் கரைந்துபோகும். சாப்பாடுபோல், குளியல்போல், நடையும் நாள்தோறும் வேண்டும். புகைபிடிப்பவர் அதை விடாமல் பயிற்சி மட்டும் செய்வது, ஓட்டை வாளியில் பால் எடுப்பது போலத்தான்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். மூச்சு வாங்கும்போது சாகப் போகிறோமோ என்ற அச்சம் நோயாளிக்கு வருகிறது. அந்த அச்சம்தான் அவரை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. அவர் தனியாக நடந்து அதை வெல்வது கடினம். கூட ஒருவர் நடந்தால் எளிது. ஆகவே, தண்ணீரை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, "வாங்கப்பா, நாம ரெண்டு பேரும் போய் எடுத்துக்கிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள். பள்ளி விட்டு வரும் பேரனைத் தாத்தாவோடு வாசலில் நடக்கவிடுங்கள். எத்தனை வாசல் நடந்தார் என்று பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். கிளினிக்குக்குப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.