பத்தமடைப் பாய்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பொத்தேரி என்றோர் ஊர் உண்டு. கல்லூரி மாணவர் நிறைந்த ஊர் அது. அங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் என் தமக்கை மகனைக் காண அண்மையில் சென்றிருந்தேன். நான் அமர்வதற்காக அவன் ஒரு பாயை விரித்தான். சிவப்பும் பச்சையுமாகக் கரை அமைந்த பாய். தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்!

"பத்தமடைப் பாய் போலவே இருக்கிறதல்லவா, மாமா? விலைதான் மிகக் குறைவு" என்றான்.

"போலவே" என்று அவன் சொன்னானே, அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பத்தமடை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள ஊர். பாய்க்கு வேண்டிய கோரை நீர் தேங்கும் இடங்களில் வளர்வது. பார்வைக்குப் புல்லாகத் தோன்றினும், அதன் தண்டை உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டைகள் விரலில் தட்டுப்படும். பசுமையாக இருக்கும்போதே அதை அறுத்துக் கிழித்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துவார்கள். பின்னர் ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, நூல்போல் மெலிதாகக் கீறுவார்கள். அதன்பிறகே சாயம் ஏற்றுவது. முற்காலத்தில் செந்நிறத்தைச் சப்பங்கிக் கட்டையிலிருந்து எடுத்தனர்.

பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக அமையும். கோரை இழைகளை ஒவ்வொன்றாக ஊடே செலுத்தி நெய்ய வேண்டும். பாவு நூலின் நெருக்கத்தை எண்ணால் குறிப்பது வழக்கம்; உயர்ந்த பாய்களுக்கு அது 100 முதல் 140 வரை செல்லும். அத்தகைய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். மணமக்களின் பெயரை நெய்து திருமணத்துக்கு அளிப்பதும் இவ்வகைப் பாயையே.

பல ஆண்டுகளுக்கு முன், நெய்தவர் வீட்டிலேயே ஒரு பாயின் விலையைக் கேட்டுவிட்டு, "ஒரு பாய்க்கா இவ்வளவு?" என்றேன். அந்த அம்மையார் மறுமொழி கூறவில்லை. பாயை எடுத்துத் துணியை மடிப்பதுபோல் மடித்து என் கையில் வைத்தார். ஒரு கோரையும் முறியவில்லை. நான் நாணித் தலைகுனிந்தேன்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேற்றூர்ப் பாயை அப்பெயரால் விற்பதை அது தடுக்கும். ஆயினும், உழைப்புக்கேற்ற விலை கிடைக்காவிடில் நெய்பவரின் மகள் தறியில் ஏன் அமர வேண்டும்? நல்ல பாய் எதுவென்று அறியாதவர் அதற்குரிய விலையைக் கொடுப்பாரா?

சிக்கனமாக வாழும் மாணவன் பிளாஸ்டிக் பாய் வாங்குவது குற்றமன்று. ஆனால் காவிரிக்கரையில் முசிறி, கரூர் வட்டாரங்களில் கோரையைப் பயிராக வளர்த்து நெய்யும் அன்றாடப் பாய்களும் நமக்கு உண்டு. அவற்றை வாங்கலாம். பத்தமடைப் பாயைக் காண நேர்ந்தால், விலையைக் கேட்பதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள், இழைகளை எண்ணுங்கள், மெல்ல மடித்துப் பாருங்கள்.

என் மருமகனுக்கும் அன்று இதையே கூறினேன். அவன் தன் பாயை மடித்துப் பார்த்துவிட்டு, "போலவே இல்லை, மாமா" என்றான்.