உதவப் போகும் முன் பெயரை எழுதிட்டுப் போங்க



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஆனால் பாகூர், வில்லியனூர் பகுதி மக்களுக்கு அடுத்த சோதனை மழை குறைந்த பிறகு வந்தது. சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணை வழியாக வந்து பாகூர் கிராமங்களுக்குள் புகுந்தது. வீடூர் அணை நீர் சங்கராபரணியில் வில்லியனூர் பக்கம் பெருகியது.

யோசிச்சுப் பாருங்க. "மழைதான் விட்டுடுச்சே"ன்னு சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஆற்றங்கரைத் தெருவுக்கு ஒரு தம்பி கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏறுகிறது. அவர் எங்கே போனார்னு யாருக்குமே தெரியாது. உதவப் போனவரையே தேட வேண்டிய நிலை!

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டு. ஊருக்கு ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். யார், எந்தத் தெரு, எத்தனை மணிக்குப் போனார், வீட்டு எண் எது, எல்லாம் அதில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழு நல்லதுதான். ஆனா செல்போன் டவர் படுத்துட்டா நோட்டுதான் பேசும். சாயங்காலம் போனவர்களை எண்ணுங்க. ஒருத்தர் குறைந்தாலும் உடனே 112-க்குச் சொல்லுங்க.

தனியாகப் போகாதீங்க, இரண்டு பேராகப் போங்க. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொட்டலம் கட்டுற வேலை கொடுங்க. ஓடுற தண்ணீரில் இறங்க வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பியை மின்துறை ஊழியர் பார்க்கும் வரை தொடாதீங்க. அணை திறப்புச் செய்தியை ஃபார்வர்டில் நம்பாமல், வருவாய்த் துறையிடமோ கொம்யூன் பஞ்சாயத்திடமோ கேட்டு உறுதி செய்யுங்க.

சேறு அள்ளும்போது கையுறையும் ரப்பர் பூட்ஸும் அவசியம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. சுத்தம் செய்யப் போனவர்களுக்கு அங்கே தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். நீங்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் கேட்டுட்டு வேலையைத் தொடங்குங்க. அப்புறம் காய்ச்சல், உடம்புவலி வந்தால், "வெள்ளத்தில் வேலை செய்தேன்"னு மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அந்த நோட்டை இன்றைக்கே வாங்கி, முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்க.