வீடு தேடுமுன் ஒரு வீட்டுப்பாடம்



"வீடு வாங்குறதைப் பத்தி நீ பேசுப்பா, நீதான் அடிபட்டவன்" என்றார் நம் சங்கச் செயலாளர். உண்மைதான். அந்த அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மதுரைக்கு வடக்கே அஞ்சு சென்ட் மனை ஒன்று பார்த்தேன். தரை காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. "பத்திரம் பக்காவா இருக்கு சார்" என்றார் தரகர். ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் அப்பாவின் ஓய்வுப் பணத்திலிருந்து இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஐப்பசியில் ரெண்டு நாள் மழை. போய்ப் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "கண்மாய் மறுகால் பாஞ்சா இந்த வழியாத்தான் தம்பி போகும்."

அதன் பிறகுதான் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தை எடுத்தேன். மனையின் ஒரு மூலையில் வாய்க்கால் ஓடியது. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னைக்கும் வலிக்குது.

இதே கல்லூரி மைதானத்தில் வெயிலில் சங்கிலி இழுத்து சர்வே படித்தவன் நான். நல்ல மார்க்கும் வாங்கினேன். என் சொந்த மனைக்கு அந்தப் பாடத்தைத் திறந்து பார்க்கவில்லை!

நம் மதுரை கண்மாய்களின் ஊர். உலகநேரி, தத்தனேரி, ஆத்திகுளம், பீபீகுளம் என்று பெயர்களே சொல்லும். 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் எழுந்தது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் தெருக்களுக்குள் புகுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, வீடு பார்க்கக் கிளம்புமுன் மூன்று தயாரிப்புகள்.

முதலாவது பணம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. 40 லட்சம் வீட்டுக்குக் கையில் 8 லட்சமும், பத்திரச் செலவுக்கு 3 லட்சத்து 60 ஆயிரமும் வேண்டும். கட்டப்போகும் மாதத் தவணையில் இப்போதைய வாடகை போக மிச்சத்தை ஆறு மாசம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். முடிகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காகிதம். முப்பது வருஷத்து வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவும் புல வரைபடமும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். யார் யாருக்கு விற்றார்கள் என்று பத்திரம் சொல்லும். அடமானம் இருக்கிறதா என்று வில்லங்கம் காட்டும். வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மண். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவையாவது மழை விட்ட மறுநாள் போய் நில்லுங்கள். சுற்றுச்சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் தரையை இவ்வளவு உயர்த்தியிருக்கிறார் என்று கவனியுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து வயசானவர்களிடம் கேளுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் ஒதுக்குங்கள். சர்வே நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில் ஒரு வீடு பார்த்தோம். கார்த்திகை மழை. எனக்கு முன்னாலேயே அப்பா குடையோடு போய்த் தெருமுனையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "தண்ணி நிக்கலப்பா. வாங்கிரலாம்." அந்த வீட்டில்தான் இன்று இருக்கிறோம்.