முதல் நாளே கவனியுங்கள்



நம் ஊர் நாய் ஒன்று தபால்தலையில் இருக்கிறது. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அவற்றில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரும் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் பக்கத்து இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சோழபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காவலுக்கு ஒரு நாய் நிற்கும். வீட்டுக்குள் ஒரு பூனை சுற்றிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு வருகிற நோய்களில் பல முதல் நாளிலேயே ஏதாவது ஒரு அடையாளம் காட்டுகின்றன. அதை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ராஜபாளையம் நாயிலிருந்தே தொடங்குகிறேன். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தேன்நிறக் கண் என்று கேட்டுத்தான் குட்டி வாங்குகிறோம். நிறம் கலந்து பிறந்த குட்டிகளைக் கழித்துக் கட்டுகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக இப்படி வெள்ளையை மட்டுமே தேர்ந்தெடுத்ததற்கு அந்த நாய்கள் தங்கள் காதைக் கொடுத்திருக்கின்றன. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் உள்காதின் ரத்த நாளப் படலம் சுருங்கி, ஒலியை உணரும் நுண்ணிய அணுக்கள் செத்துவிடும். அதன் பிறகு மருந்தும் கிடையாது, அறுவை சிகிச்சையும் கிடையாது. உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கும், நீலக்கண் கொண்ட வெள்ளைப் பூனைக்கும் இதே குறைதான் வருகிறது. நம் இனத்திலும் நீலக்கண்ணோடு பிறக்கும் குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை கூடுதலாக இருக்கிறது.

குட்டி வாங்கப் போகிறவர்கள் அதற்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். குட்டிக்கு ஐந்தாறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது பார்க்காதீர்கள்; ஒன்று திரும்பினால் கூடவே எல்லாம் திரும்பும். தனியாகத் தூக்கி வந்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்ட வேண்டாம், தரையையும் மிதிக்க வேண்டாம். காற்றும் அதிர்வும் பட்டே அது திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூளை அலையை அளக்கும் தனிப் பரிசோதனை இருக்கிறது. செவிட்டுக் குட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கைச்சாடையில் அழகாகப் பழகிக்கொள்ளும். தென்காசி ரோட்டோரம் மட்டும் அவிழ்த்து விடாதீர்கள், அதற்கு லாரிச் சத்தம் கேட்காது. இன்னொன்றை நான் கெஞ்சியே கேட்கிறேன்: அதை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். வெள்ளையாக இருக்கிறதே, நல்ல உயரமாக இருக்கிறதே என்று விட்டால், அடுத்த ஈற்றிலும் இதே குறை வரலாம்.

அடுத்தது தோல். நம் நாய்க்கு ரோமம் குட்டை, அடியில் தோல் இளஞ்சிவப்பு. அதனால் சொறி பிடித்தால் சீக்கிரம் தெரியும், சீக்கிரம் பரவவும் செய்யும். சொறியில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள். காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கி, இரவெல்லாம் நாயைத் தூங்கவிடாமல் சொறிய வைப்பது ஒரு வகை. அது மற்ற நாய்களுக்குத் தொற்றும், தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளைகளுக்கும் அரிப்பைக் கொடுக்கும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டி, வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தால் அது அடுத்த வகை. தாயிடம் பால் குடிக்கும் முதல் சில நாட்களிலேயே அந்தப் பூச்சி குட்டிக்கு வந்துவிடும். குட்டிப் பருவத்தில் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறும். உடம்பு முழுவதும் படர்ந்தால் அந்த நாயின் எதிர்ப்புசக்தியில் குறை இருக்கிறது என்று அர்த்தம். அதையும் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

மருத்துவர் பிளேடால் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இப்போது நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் நம் பக்கத்தில் இன்னும் பலர் வண்டியிலிருந்து வடித்த கரி ஆயிலைத்தான் பூசுகிறார்கள். அதில் உலோகக் கழிவு இருக்கிறது, தோலை வேகவைக்கும், நாய் நக்கும்போது குடலுக்கும் ஈரலுக்கும் போய்ச் சேரும். சொறி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாய் இளைத்துக்கொண்டு வரும். மாட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவதும் இதே மாதிரி ஆபத்துதான்.

சொறியைவிடக் கொடியது உண்ணி. உண்ணியைப் பிடுங்கி நசுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ரத்தம் குடித்துப் பருத்த ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் இடுக்கிலோ தொழுவத்துக் கல் சந்திலோ ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, அது படுக்கிற இடத்தை விட்டுவிட்டால், சில வாரத்தில் பழையபடி வந்து நிற்கும். வெறும் கையால் நசுக்குவதும் தவறு. குறடு மாதிரியான சிறு கருவியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

உண்ணி கடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். நாய் சோர்ந்து படுக்கும், சோற்றைத் தொடாது. சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வடியும், அடிவயிற்றில் சிவந்த புள்ளிகள் தோன்றும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ரத்த அணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. தினமும் ஒரு முறை நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்த்து, அதற்கேற்ற மருந்து தருவார்கள். பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை, சுமார் நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இங்கேதான் நாம் தோற்கிறோம். ஐந்தாம் நாள் நாய் எழுந்து வாலாட்டிச் சோறு தின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். கிருமி உள்ளேயே ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடுகிறது. அப்போது மருத்துவர் கையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோவது பார்வோ. 1978 வாக்கில் உலகமெங்கும் திடீரென்று தோன்றிய வைரஸ் இது. அதற்கு முன் நாய்களுக்கு இப்படியொரு நோய் இருந்ததில்லை. ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளைத்தான் அதிகம் தாக்கும். முதலில் சுறுசுறுப்பு போகும், பிறகு வாந்தி, அதன் பிறகு ரத்தம் கலந்த நாற்றமுள்ள கழிச்சல். குட்டி வைரஸால் சாவதைவிட உடம்பில் நீர் வற்றிச் சாவதுதான் அதிகம். அதனால் வாந்தி எடுத்த அன்றைக்கே குளுக்கோஸ் ஏற்றினால் நிறைய குட்டிகள் பிழைக்கின்றன. மூன்று நாள் வீட்டில் வைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் தூக்கி வந்தால் பிழைப்பது அரிது. வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாய்வழியாகப் பாலையோ மருந்தையோ புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி இறந்த இடத்தில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். தடுப்பூசி போடாத புதுக் குட்டியை அந்த இடத்தில் விடவே கூடாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்த ஊசிகள் என்று போட்டாக வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புசக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால்தான் ஒரு ஊசியோடு நிறுத்தக்கூடாது.

அதே ஊசியில் டிஸ்டெம்பருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் என்று தொடங்கி, சில வாரத்தில் தாடை துடிப்பது, கால் வெட்டி வெட்டி இழுப்பது, வலிப்பு என்று மூளைக்கு ஏறும் நோய் அது. வலிப்பு வந்துவிட்டால் மீள்வது கடினம். இதை நான் தனியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கு மேற்கே மலை. சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988 முதல் இருந்த காடு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகிவிட்டது. அடிவாரத் தோப்புகளில் காவல் இருக்கும் நம் நாய்கள் இரவில் காட்டுக்குள் போய் வருகின்றன. டிஸ்டெம்பர் நாயோடு நிற்பதில்லை, புலியையும் சிறுத்தையையும் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994இல் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த நோயால் அழிந்தது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் சிலவற்றின் உடலில் இதே வைரஸ் இருந்தது. தோட்டத்து நாய்க்குப் போடுகிற ஊசி மலைமேல் இருக்கிற புலிக்கும் காவல்.

பூனைக்கு வருவோம். நாய்க்குச் செய்கிற வைத்தியத்தைப் பூனைக்குச் செய்யக்கூடாது, அதன் ஈரல் வேறு மாதிரி. நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு முட்டும். கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஒரு நாள், ஒன்றரை நாள் அப்படியே விட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். மருத்துவர் சிறு குழாய் விட்டு அடைப்பை எடுத்தால் பூனை பிழைக்கும். பூனைகள் வலியை மறைக்கும் பிராணி. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் மூலையில் ஒளிந்திருந்தாலே போதுமான அடையாளம்தான்.

புண்ணில் புழு வைத்தால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கழுவிவிட்டு, புழுவை எடுக்க மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கட்டுத்துணிக்கு நமக்குப் பஞ்சமில்லை, பக்கத்தில் சத்திரப்பட்டியில்தான் மருத்துவத் துணி நெய்கிறார்கள். வயதான பொட்டை நாய் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, பின்புறம் சீழ் வடித்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அறுவை சிகிச்சைதான் வழி. வெங்காயம், சாக்லேட், திராட்சை மூன்றையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும் அதன் கணையத்துக்கு ஆகாது.

கடைசியாக வெறிநோய். நோய் வெளிப்பட்ட பிறகு நாயானாலும் மனிதரானாலும் பிழைக்க வைக்க வழியில்லை. ஆனால் முன்கூட்டியே தடுக்க முழு வழி இருக்கிறது. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசியைப் போடச் செய்தார். 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கி, தென்னிந்தியாவுக்குச் சிகிச்சை வந்துவிட்டது. நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். அந்த நாளை நினைவுகூர்ந்து ஜூலை 6ஐ ஒட்டி நடக்கும் முகாம்களிலும் அரசு கால்நடை மருந்தகங்களிலும் விசாரியுங்கள்.

யாரையாவது நாயோ பூனையோ கடித்தால், பிறாண்டினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். ஆழமான கடியாக இருந்தால், புண்ணிலேயே போடுகிற எதிர்ப்புப் புரத மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் கடிபட்டால் அடிக்குப் பயந்து வீட்டில் மறைப்பார்கள். கடித்தால் உடனே வந்து சொல், திட்ட மாட்டேன் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.