வேகத்துக்கு ஓய்வும் ஒரு பயிற்சிதான்
(நுகேகொடை ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எங்க பையன் நாள் முழுக்க ஓடுவான், ஆனா பந்துக்கிட்ட மத்தவன்தான் முதல்ல போறான்" என்று பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயிற்சி முறைதான். மைதானத்தை இருபது சுற்று சுற்றினால் தம் கூடும், வேகம் கூடாது. உதைபந்தாட்டத்தில் வேக ஓட்டம் பெரும்பாலும் 30 மீற்றருக்குள்தான். 2012இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்றில், கோல் அடிப்பதற்குச் சற்று முன் வீரர்கள் அதிகம் செய்தது நேரான வேக ஓட்டமே என்று தெரியவந்தது.

அப்படியானால் எப்படிப் பழகுவது?

முதலில் 15 நிமிடம் மெதுவோட்டம், முழங்கால் உயர்த்தல், துள்ளல் செய்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 20 மீற்றரை முழு வேகத்தில் ஓடுங்கள். ஓடியதும் நடந்தே திரும்பி, இரண்டு நிமிடம் நில்லுங்கள். இப்படி ஆறு தடவை போதும். தசையில் சேர்ந்திருக்கும் உடனடிச் சக்தி சில செக்கனில் தீர்ந்துவிடும். மீண்டும் ஊற நேரம் வேண்டும். இளைக்க இளைக்க ஓடினால் பிள்ளை பழகுவது மெதுவான ஓட்டத்தைத்தான். வேகம் குறைந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும். இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.

மலைநாட்டில் நமக்குக் காசில்லாத கருவி ஒன்று இருக்கிறது. லேசான ஏற்றத்தில் 15 மீற்றர் ஓடினால் காலின் உந்துபலம் கூடும். ஈரமான இறக்கத்தில் மட்டும் வேகமாக ஓட விடாதீர்கள். தொடையின் பின்பக்கம் சுருக்கென்று இழுத்தால் உடனே நிற்க வேண்டும். வலியோடு ஓடினால் தசை கிழிந்து, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போகலாம்.

பயிற்சியாளர்மாரே, பிழைவிட்ட பிள்ளைக்கு ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தாய்மாரே, வெறும் சாயத்தண்ணியோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். அவித்த கடலையோ பயறோ கொஞ்சம் கொடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் இதே பயிற்சிதான், இதே சாப்பாடுதான்.

நம் நாட்டு யுபுன் அபேகோன் 2022இல் சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். நம்ம பிள்ளைகளின் காலிலும் வேகம் இருக்கிறது. அதைக் களைப்பாக்கிக் கெடுக்காமல், ஓய்வு கொடுத்து வளர்ப்போம்.